மீன்தொட்டிக்கு உயரம் வேண்டாம், அகலம் கேளுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சிங்கப்பூரின் பொங்கோலில் நாலறை வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, வரவேற்பறையில் ஒரு சுவர் காலியாகக் கிடக்கிறது, அங்கே செடித்தொட்டி, அதாவது தண்ணீருக்குள் செடி வளர்க்கும் மீன்தொட்டி, வைக்க ஆசை. கடைக்காரர் நாலடி வாங்கச் சொல்கிறார், உங்கள் மனைவி இரண்டடிக்கு மேல் ஒரு அங்குலம் கூடாது என்கிறார், எடையைத் தரை தாங்குமா என்ற பயம் வேறு உங்களுக்கு. இதற்கிடையில் அலமாரியில் தூங்கும் பழைய கேமராவை எடுத்து இயற்கைக் காட்சிகள் எடுக்கப் பழக வேண்டும் என்றும் நினைக்கிறீர்கள். தொட்டி என்ன அளவு வாங்குவது, இரண்டு பொழுதுபோக்கையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமா, இதுதானே?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றாகவே தொடங்குங்கள். இரண்டுக்கும் பழக வேண்டியது ஒரே கண்தான், அதைச் சொல்ல எனக்கு ஒரு பெரிய சாட்சியும் இருக்கிறார். செடித்தொட்டி வைப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் தகாஷி அமானோ. 1954-இல் ஜப்பானின் நீகாத்தாவில் பிறந்தவர், சைக்கிள் பந்தயம் ஓட்டிச் சம்பாதித்தவர், 1982-இல் தொட்டிப் பொருள்களுக்கான நிறுவனம் தொடங்கியவர். பாசி தின்னும் அமானோ இறால் என்று கடையில் விற்கிறார்களே, அது இவர் பெயர்தான். ஆனால் தொட்டிக்காரர்கள் பலருக்கு நினைவில் நிற்காத விஷயம், அவர் காட்டுக்காட்சிகள் எடுத்த படக்காரர் என்பது. 1975 முதலே அமேசான், போர்னியோ, மேற்கு ஆப்பிரிக்கா என்று மழைக்காடு மழைக்காடாகப் போனவர், அதுவும் தோளில் தொங்கும் சின்னக் கேமரா இல்லை, பெரிய ஃபிலிம் தகடு போடும் கேமரா. காட்டில் முக்காலி போட்டு நின்று பார்த்த மரவேரையும் பாறையையும்தான் வீட்டுக்கு வந்து கண்ணாடிக்குள் அடுக்கினார். 2015-இல் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் லிஸ்பன் கடல்வாழ் உயிரியகத்தில் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அதையும் நடந்துகொண்டே பார்க்கும் ஒரு நிலக்காட்சி மாதிரிதான் கட்டினார்.

சரி, அளவுக்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் இரண்டடி, மூன்றடி, நாலடி என்று நீளத்தை மட்டும் சொல்லிப் பேசுவார்கள், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. தொட்டிக்கு மூன்று அளவு: நீளம், முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரைக்கும் உள்ள அகலம், உயரம். இதில் புதிதாக வருபவர் கண் முதலில் நீளத்துக்குப் போகும், அடுத்து உயரத்துக்குப் போகும், அகலத்தை யாரும் கேட்பதில்லை. செடித்தொட்டியில் எனக்கு முதல் கேள்வியே அகலம்தான். நான் சொல்லப்போகும் மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, காசு மிச்சம் இருந்தால் அகலத்தில் போடுங்கள், உயரத்தில் போடாதீர்கள்.

ஏன் என்றால், தண்ணீர் கண்ணை ஏமாற்றும். நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. நேராக நின்று பார்க்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பதாகத்தான் தெரியும். 30 செ.மீ. அகலமுள்ள தொட்டி தண்ணீர் ஊற்றியதும் 22 செ.மீ. மாதிரி தட்டையாகிவிடும். 45 செ.மீ. என்றால் 34 செ.மீ. அளவுக்குத் தெரியும், அதில் முன்னால் புல், நடுவில் பாறை, பின்னால் உயரச் செடி என்று மூன்று அடுக்கு வைக்க இடம் கிடைக்கும். 30-இல் அந்த மூன்றையும் திணித்தால் பேருந்தில் எட்டு மணிக்கு நிற்கும் கூட்டம் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். காய்ந்த தொட்டியில் அடுக்கும்போது பிரமாதமாக இருந்த ஆழம் தண்ணீர் ஊற்றியதும் எங்கே போனது என்று முதல் தடவை எல்லோரும் திகைப்பார்கள். நானும் திகைத்தேன்.

என் முதல் தொட்டிக் கதை இதற்குப் பொருத்தம். பதினைந்து வருடம் இருக்கும், ஒரு கடையில் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று ஒன்றைக் காட்டினார்கள். சதுரமாக, கம்பீரமாக, அதே நீளத் தொட்டியைவிட இரட்டிப்புத் தண்ணீர் பிடிக்கும், விலை கொஞ்சம்தான் கூட. வாங்கிவிட்டேன். அடியில் ஒரு செடி நட வேண்டும் என்றால் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறித் தோள் வரை கையை விட வேண்டும், அக்குள் வரை தண்ணீர். விளக்கு மேலே பளீரென்று எரிகிறது, தரையில் நட்ட புல் பழுத்துப் பழுத்துக் கரைகிறது, ஏனென்றால் வெளிச்சம் அத்தனை தூரம் இறங்கி வருவதற்குள் தளர்ந்துபோகிறது. விளக்கைக் கூட்டினால் மேல் பாதியில் பாசி. எட்டு மாதம் போராடிவிட்டு அதை ஒரு நண்பரின் பையனுக்குக் கொடுத்தேன். அவன் அதில் ஆமை வளர்த்தான், சந்தோஷமாக இருந்தான்.

உயரத்துக்கு இன்னும் இரண்டு குற்றச்சாட்டு உண்டு. கண்ணாடியின் மேல் விழும் நீரழுத்தம் தொட்டி எவ்வளவு நீளம் என்பதைப் பார்க்காது, தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைத்தான் பார்க்கும், அதனால் உயரம் கூடக்கூடக் கண்ணாடி தடிமனாக வேண்டும், விலையும் எடையும் ஏறும். அடுத்தது காற்று. மீன் மூச்சுவிடும் ஆக்சிஜன் பெரும்பாலும் நீர்ப்பரப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. 60×30×36 தொட்டியும், அதையே தூக்கி நிறுத்திய 36×30×60 தொட்டியும் ஒரே 65 லிட்டர்தான். ஆனால் முதலாவதின் மேற்பரப்பு 1,800 சதுர செ.மீ., இரண்டாவதில் 1,080. லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து இத்தனை மீன் விடலாம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தண்ணீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால் நம்மைப் போன்ற வெப்ப ஊரில் இது இன்னும் முக்கியம்.

இப்போது முன்கண்ணாடியைப் படச்சட்டமாகப் பாருங்கள், கேமரா வைத்திருப்பவர் என்பதால் உங்களுக்கு இது உடனே பிடிபடும். உங்கள் கேமராவின் படம் பெரும்பாலும் 3-க்கு 2, அதாவது 1.5. 60×36 தொட்டியின் முகம் 1.67, கிட்டத்தட்ட அதே சட்டம். 90×45 என்றால் 2-க்கு 1. நாலடித் தொட்டி 120×45 என்றால் 2.67, அது அகலத்திரைக் காட்சி, அதை நிரப்புவது வேறு வித்தை. ஒரே ஒரு பாறைக் குவியலை வைத்தால் இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும், இரண்டு குவியல் வைத்தால் எது பெரியது என்று இரண்டும் சண்டை போடும். கையில் பழக்கம் வருவதற்கு முன்னால் நாலடி வாங்கியவர்கள் பலர் கடைசியில் ஒரு கோட்டை, ஒரு பாலம், ஒரு குமிழி விடும் முத்துச்சிப்பி என்று இடத்தை நிரப்பியதை நான் பார்த்திருக்கிறேன். (கோட்டை வைப்பது தவறில்லை, குழந்தைகளுக்குப் பிடிக்கும், அது வேறு கணக்கு.) இன்னொரு சின்ன விஷயம், 120×45 முகத்தை 3-க்கு 2 படத்தில் முழுதாக அடக்கினால் படத்தில் 56 சதவீதம்தான் தொட்டி, மீதி உங்கள் சுவர். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் தொட்டிக்குக் கிடைப்பது பதிமூன்றரை.

எடையைப் பற்றிப் பயந்து கேட்டிருக்கிறீர்கள், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படலாம். செ.மீ.-இல் மூன்று அளவையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர், ஒரு லிட்டர் ஒரு கிலோ. 60×30×36 தொட்டி தண்ணீர், கண்ணாடி, மண், கல், கீழே தாங்கும் நிலைப்பெட்டி எல்லாம் சேர்ந்து நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அது ஒரு கனமான ஆளும் அவருடைய நாற்காலியும். 90×45×45 என்றால் மொத்தம் 250 கிலோ பக்கம். 120×45×45 என்றால் தண்ணீரே இருநூறுக்கு மேல், 10 மி.மீ. கண்ணாடி மட்டும் ஐம்பது கிலோ, எல்லாம் சேர்த்து 350. குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற பரவலான சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு உடனே மூன்றடித் தொட்டியே தரையை உடைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரர் மடியில் விழும் என்று கணக்குப் போடாதீர்கள், அது அறை முழுவதும் ஒரே நேரத்தில் பரப்பிய சுமைக்கான கணக்கு. ஆனால் அறை நடுவில் தடுப்பு மாதிரி வைக்காமல் கட்டமைப்புச் சுவரை ஒட்டி, முடிந்தால் உத்திரத்துக்கு மேல் வருமாறு, நிலைப்பெட்டியின் எடை நாலு கால் முனையில் விழாமல் முழு அடிப்பரப்பில் பரவுமாறு வையுங்கள். நாலடிக்கு மேல் போக வேண்டும் என்றால், அல்லது 120×60×60 மாதிரி தண்ணீர் மட்டுமே 430 லிட்டர் வரும் அளவை நினைத்தால், கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கேளுங்கள்.

ஆக என் தேர்வு மூன்றடி, 90×45×45. 182 லிட்டர். தண்ணீரின் வெப்பமும் கழிவும் சட்டென்று ஏறி இறங்காத அளவுக்குப் பெரியது, வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றும்போது முதுகு உடையாத அளவுக்குச் சின்னது. சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்பார்கள், நேர் எதிர். இருபது லிட்டரில் ஒரு மீன் செத்து ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் மொத்தமும் போகும். உங்கள் மனைவி மூன்றடிக்குச் சம்மதிக்கவில்லை என்றால் சண்டை போட வேண்டாம், இங்கே அளவு சொல்லிக் கண்ணாடித் தொட்டி செய்து வாங்கலாம், 75×45×40 கேளுங்கள், 135 லிட்டர் வரும். இரண்டடிதான் என்றாலும் 60×45×36 என்று செய்யச் சொல்லுங்கள். நீளத்தில் விட்டுக்கொடுக்கலாம், அகலத்தில் மட்டும் வேண்டாம். கடைகளைப் பார்க்க சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கமோ கிளமெண்டி புளோக் 328-க்கோ ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள், முதல் தடவை பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

தண்ணீர், வெப்பம் பற்றிச் சுருக்கமாக. நம் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலந்திருப்பது குளோரமைன், சாதாரணக் குளோரின் இல்லை. ஊரில் தாத்தா செய்த மாதிரி வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் அது போகாது, ஒவ்வொரு முறையும் குளோரின் நீக்கி மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும், பாட்டிலில் குளோரமைனுக்கும் ஆகும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டுப் பட்டியல்களில் முதலில் வாங்கச் சொல்லும் ஹீட்டர் நமக்கு வேண்டவே வேண்டாம். நம் பிரச்சினை மறுபக்கம், குளிர்சாதனம் போடாத அறையில் தொட்டி 29, 30 டிகிரியில் நிற்கும். மேற்பரப்பில் காற்று வீசும் சின்ன விசிறி இரண்டு மூன்று டிகிரி இறக்கும், அதற்கு விலையாகத் தண்ணீர் ஆவியாகும், தினமும் ஊற்ற வேண்டும், அகலத் தொட்டி என்றால் ஆவியாகும் பரப்பும் கூட என்பதை ஒப்புக்கொள்கிறேன். சில்லர் வாங்கினால் தண்ணீர் குளிரும், அந்தச் சூடு உங்கள் வரவேற்பறைக்கு வரும். என் யோசனை, தொட்டியைக் குளிர்விப்பதற்குப் பதிலாக இந்தச் சூட்டில் வாழும் உயிர்களைத் தேர்ந்தெடுங்கள். மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னல் பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.

அப்புறம் காத்திருப்பு. தண்ணீர் ஊற்றியவுடன் மீன் விட முடியாது. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். இந்த வாரங்களில்தான் புதியவர்கள் பொறுமை இழந்து மீனை விட்டுக் கொன்றுவிடுகிறார்கள். நீங்கள் அந்த ஆறு வாரமும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கச் சொன்னதற்கு நடைமுறைக் காரணம் இதுதான்.

சிங்கப்பூரில் என்ன நிலக்காட்சி இருக்கிறது, மலையா அருவியா என்று கேட்பார்கள். நம்முடைய மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான், உச்சியில் நின்றாலும் மரம்தான் தெரியும். அதனால் இங்கே படம் எடுப்பவன் இரண்டில் ஒன்றாகிறான், மரினா பேயில் எல்லோரும் எடுக்கும் கட்டட விளக்குப் படத்தையே எடுப்பவன், அல்லது சின்னக் காட்சிகளைப் பார்க்கப் பழகியவன். பத்தடிக்குள் ஒரு வேர், ஒரு பாறை, அதைச் சுற்றித் தண்ணீர். தொட்டிக்கு உங்களைத் தயார்படுத்துவது இந்த இரண்டாவது வகை. முதல் வகையைக் குறைத்துச் சொல்லவில்லை, நானும் மரினா பேரேஜ் புல்மேட்டில் எத்தனையோ சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பொங்கோல் முனைப் பூங்காவின் கடற்கரையில் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன, விடிகாலையில் முக்காலிகள் வரிசையாக நிற்கும். அங்கே போய்ப் படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் பாறைகளை மட்டும் பாருங்கள். ஒரு பெரிய பாறை, அதன் பக்கத்தில் அதே திசையில் சாய்ந்த ஒரு நடுத்தரம், எதிரே அதைத் தாங்குவது போல் ஒரு சின்னது, அப்புறம் மணலில் பாதி புதைந்த துணுக்குகள். ஜப்பானியர்கள் இவாகுமி என்று சொல்லும் கல் அமைப்பின் இலக்கணம் முழுவதும் அங்கே இலவசமாகக் கிடக்கிறது, பெரிய கல்லுக்கு அவர்கள் ஓயாஇஷி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அலை ஏற்ற இறக்க நேரம் பார்த்துப் போங்கள், ஏற்றத்தில் பாறைகள் முங்கிவிடும், மிகவும் இறங்கினால் சேறும் குப்பையும் தெரியும், பாதி நனைந்த நேரம்தான் அழகு.

நேரத்தைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். 1982-இல் நம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டதால் சூரியன் வருடம் முழுவதும் ஏறக்குறைய 6.45-க்கும் 7.15-க்கும் நடுவில்தான் எழுகிறது. ஐரோப்பாக்காரன் கோடையில் நாலு மணிக்கு எழுந்து ஓடுவான், நாம் முதல் ரயிலைப் பிடித்தாலே பல இடங்களுக்கு நேரத்தில் போய்விடலாம். ஆனால் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராக மேலே ஏறுகிறது, உதயத்தை ஒட்டி வரும் நீல வெளிச்சமும் பொன் வெளிச்சமும் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கே நிற்பது என்பதை முந்தைய நாளே பார்த்து வைத்திருக்க வேண்டும், போய் இறங்கிய பிறகு இடம் தேடினால் சூரியன் காத்திருக்காது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் புயல்மழை பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுக்கும். மழை விட்ட பிறகு அரை மணி கூடுதலாக நில்லுங்கள், மேகத்தில் வரும் நிறம் அப்போதுதான்.

இன்னும் சில இடங்கள். மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில், அந்த ராக்கெட் மாதிரிக் கோபுரம் இருக்குமே, அங்கே மழை பெய்த மறுநாள் காலையில் தண்ணீர் மேல் பனிப்புகை தவழும். கீழ் பீர்ஸ் நீர்த்தேக்கப் பலகைப் பாதையில் கரையோர மரங்கள் தண்ணீரில் கால் நனைத்து நிற்கும், தொட்டியில் மரக்கட்டையை எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பு வனத்தில் தண்ணீர் இறங்கிய நேரத்தில் அலையாத்தி மரங்களின் தாங்குவேர்கள் பின்னிக் கிடப்பதைப் பாருங்கள், அவை அடிமரத்திலிருந்து கிளம்பி வளைந்து வெளியே விரியும். தொட்டியில் கட்டைகளைக் கன்னாபின்னாவென்று போடுவதற்கும் மரம் முளைத்த மாதிரி போடுவதற்கும் இதுதான் வித்தியாசம். காப்பு வனங்கள் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரைதான், அங்கே சூரிய உதயத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அழகான கட்டை ஒன்று கரையில் கிடக்கிறதே, தொட்டிக்கு ஆகுமே என்று கை நீளும். அங்கிருந்து எதையும் எடுப்பது குற்றம், கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது செய்து பார்க்க ஒரு பயிற்சி. கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கி, அகல லென்ஸில் முன்னால் ஒரு கல்லையோ செடியையோ பெரிதாக வையுங்கள், பின்னால் உள்ளது தானாகச் சின்னதாகித் தூரம் வரும். இதையே தொட்டியில் கையால் செய்கிறோம். மண்ணை முன்னால் 3 செ.மீ., பின்னால் 10 அல்லது 12 செ.மீ. என்று ஏற்றுகிறோம், மணல் பாதையை முன்னால் அகலமாகத் தொடங்கிப் பின்னால் ஒடுக்குகிறோம், பெரிய இலைகளை முன்னும் பொடி இலைகளைப் பின்னும் வைக்கிறோம். 90 செ.மீ. தொட்டியில் முக்கியக் கல்லை நட்டநடுவில் வைக்காமல் ஒரு ஓரத்திலிருந்து 34, 35 செ.மீ.-இல் வைத்தால் பொன் விகிதம். படத்தில் மூன்றில் ஒரு பங்கு விதி என்று சொல்லிக்கொடுப்பது கிட்டத்தட்ட இதே இடம்தான். விதியை மீறலாம், ஆனால் முதல் தொட்டியில் மீறாதீர்கள்.

கேமரா சாமான்களுக்கு நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன், இருக்கும் பழைய கேமராவே போதும். கூடுதலாக வாங்க வேண்டியவை ஆடாத முக்காலி ஒன்று, நீர்ப் பளபளப்பை வெட்டும் போலரைசர் ஒன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்று. அலமாரியில் தூங்குகிறது என்று எழுதியிருந்தீர்களே, முதல் வேலையாக லென்ஸை டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. என் லென்ஸ் ஒன்று துணி அலமாரியில் இரண்டு வருடம் இருந்து அப்படித்தான் போனது, சுத்தம் செய்யக் கேட்ட கூலி லென்ஸ் விலைக்குப் பக்கத்தில் வந்தது. ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்தில் வைத்திருக்கும் பெட்டி இந்த ஊரில் ஆடம்பரம் இல்லை. குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் லென்ஸில் ஆவி படியும், விடியும் நேரத்தில் அது தெளிய இருபது நிமிடம் ஆகும், இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று மேலே சொன்னேன். ராத்திரியே பையைக் குளிர்சாதனம் இல்லாத அறையில் வைத்துவிடுங்கள்.

தொட்டி வளர்ந்து மூன்று நாலு மாதம் கழித்து அதையும் படம் எடுப்பீர்கள். ராத்திரி, அறை விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, கேமராவைத் தொட்டியின் பாதி உயரத்தில், கண்ணாடிக்கு நேர் எதிரே, 50 மி.மீ. லென்ஸோடு தள்ளி வையுங்கள். சாய்த்து எடுத்தால் கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து ஓரங்களை வண்ணமாக வழித்துவிடும். லென்ஸ் துவாரம் எஃப் 8 பக்கம், ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் குறையாமல், இல்லையென்றால் மீன்கள் புகை மாதிரி வரும். வெளிச்சம் போதாது என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, கூட்டுங்கள் அல்லது இன்னொரு விளக்கை மேலே கடன் வாங்கி வையுங்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டையோடு எடுத்த என் முதல் படத்தில் செடிகளுக்கு நடுவே என் தொப்பை தெரிகிறது.

மீன் எது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஹார்லெக்வின் ராஸ்போரா என்று ஆரஞ்சு உடம்பில் கறுப்பு முக்கோணம் போட்ட மீன் எல்லாக் கடையிலும் இருக்கும், மலிவு. அது இந்த மண்ணின் மீன், நம் நீ சூன் சதுப்புக் காட்டு ஓடைகளில் வாழ்கிறது, அதனால் நம் வெப்பம் அதற்குப் பழக்கம். மூன்றடியில் பதினைந்து இருபது விட்டால் கூட்டமாக நீந்தும், பின்னணி தூரமாகத் தெரிய மீன் சின்னதாக இருப்பது உதவும். பெரிய மீன் ஒன்றை விட்டால் மலை மாதிரி அடுக்கிய கல் கூழாங்கல்லாகிவிடும். பிற்பாடு வேண்டாம் என்று தோன்றினால் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடாதீர்கள், அது சட்டப்படி குற்றம், உள்ளூர் மீன்தானே என்பதும் எடுபடாது. யாராவது வாங்கிக்கொள்வார்கள், கேட்டால் போதும்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, காசு செலவில்லை. பழைய செய்தித்தாளை 90-க்கு 45 செ.மீ. அளவுக்கு ஒட்டி அந்தச் சுவரோரம் தரையில் போடுங்கள், சுவரில் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் தொடங்கி 90-க்கு 45 சட்டம் ஒன்று டேப்பால் ஒட்டுங்கள், சோபாவில் உட்கார்ந்து அதைப் படம் எடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். அதற்குள் உங்கள் மனைவி அந்தச் செய்தித்தாளை மூன்று தடவைக்கு மேல் மிதித்துவிட்டால் 75×45×40-க்குப் போய்விடுங்கள்.